ஆலையின் நிலமும் ஆலையின் மக்களும்

ஓர் ஆலை மூடப்பட்டதும் அதன் கதை முடிந்துவிட்டதென்றே பலரும் எண்ணுகின்றனர். உண்மையில் அங்கேதான் இன்னொரு கதை தொடங்குகின்றது. பொறிகளின் ஓசை அடங்குகின்றது. தொழிலாளர் திக்குக்கொருவராய்ப் பிரிந்து செல்கின்றனர். சுவர் வெடிப்புகளிலே ஆலும் அரசும் வேர்விடுகின்றன. நிலம் மட்டும் அசையாமற் கிடக்கின்றது. பத்தாண்டோ முப்பதாண்டோ கழிந்த பின்னர் அந்நிலத்தைத் தேடி ஆட்கள் வருகின்றனர். அவர்தம் கையிலே வரைபடங்கள். நாவிலே 'புத்துயிர்ப்பு', 'நகர மேம்பாடு', 'நிலைபேறான அபிவிருத்தி' என்னும் சொற்கள்.

இச்சொற்களை நாம் வெறுக்க வேண்டியதில்லை. பாழாய்க் கிடக்கும் நிலத்தை மீட்டு மனிதர் பயன்பாட்டுக்குக் கொணர்வது நல்ல காரியமே. வயலையும் காட்டையும் சதுப்பு நிலத்தையும் அழித்து நகரத்தை விரிப்பதைக் காட்டிலும், ஏற்கெனவே தெருவும் மின்சாரமும் எட்டியுள்ள பழைய ஆலை நிலத்தை மீளப் பயன்படுத்துதல் அறிவுடைமை என்பதை எவரும் மறுக்கார். ஆயினும் ஒரு வினா எஞ்சுகின்றது. அங்கே உயிர் பெறுவது எது? நிலமா? நிலத்தின் விலையா? அந்நிலத்திலே உழைத்து, அதன் புகையைச் சுவாசித்து, அதன் அயலிலே பிள்ளைகளை வளர்த்த மக்களா? இவ்வினாவுக்கு விடை காணாமல் எழுப்பப்படும் மாளிகைக்கு எத்துணைப் பசுமையான வர்ணம் பூசினாலும், அது பழைய சுரண்டலின் மேல் ஏற்றிய புதிய மாடியே ஆகும்.

தமிழ் கற்பிக்கும் நமக்கு இவ்விடத்தில் ஐந்திணை நினைவுக்கு வருதல் இயல்பு. குறிஞ்சி, முல்லை, மருதம், நெய்தல் என நால்வகை நிலங் கூறிய நம் முன்னோர் பாலைக்கெனத் தனி நிலம் வகுத்தாரில்லை. முல்லையும் குறிஞ்சியும் வெம்மையால் இயல்பு திரிந்தபோது தோன்றுவதே பாலை என்பது, சிலப்பதிகாரத்தின் துணைகொண்டு நாம் வகுப்பறையிலே விளக்கும் செய்தி. கைவிடப்பட்ட ஆலை நிலம் நம் காலத்தின் பாலை. கோடை ஞாயிற்றுக்கு இதிலே பங்கில்லை. இலாபக் கணக்கும் யுத்தமும் அரசின் கொள்கையும் சேர்ந்து ஆக்கிய பாலை இது. மனிதர் ஆக்கியதை மனிதரே மாற்றவுங் கூடும். எவர் மாற்றுவது, எவருக்காக மாற்றுவது என்பதே வழக்கு.

முதலிலே நம் தலைநகரை நோக்குவோம். வெள்ளவத்தை என்றதும் இன்று நம்மவருக்கு நினைவில் வருவன காலி வீதிக் கடைகளும் கடலோரத் தொடர்மாடிகளும். ஒரு காலத்திலே அப்பெயரோடு ஒட்டியிருந்தது அங்கிருந்த நூற்பு நெசவு ஆலை. 19 ஆம் நூற்றாண்டின் இறுதிப் பகுதியிலே தோன்றிய அவ்வாலைக்கு இலங்கைத் தொழிலாளர் இயக்க வரலாற்றிலே தனியிடம் உண்டு. உலகப் பொருளாதார மந்தத்தின் நடுவே, 1933 ஆம் ஆண்டு, கூலிக் குறைப்பை எதிர்த்து அங்கே ஏறத்தாழ 1,400 தொழிலாளர் வேலைநிறுத்தத்தில் இறங்கினர். அவர்களுள் மூன்றில் இரு பங்கினர் வரையில் இந்தியாவிலிருந்து, பெரும்பாலும் மலையாளத்திலிருந்து, வந்தோர், எஞ்சியோர் சிங்களவர். அக்காலத்தில் கொழும்புத் தொழிலாளரின் பெருந் தலைவராக விளங்கிய ஏ. ஈ. குணசிங்க இவ்வேலைநிறுத்தத்துக்கு எதிராக நின்றார். இந்தியத் தொழிலாளரைப் பகைக்கும் இனவாதக் குரலும் உடன் எழுந்தது. அவ்வேளையிலே தொழிலாளர் பக்கம் வந்து நின்றோர் கொல்வின் ஆர். டி சில்வா முதலான இளைஞர்கள். இரண்டாண்டுகளின் பின்னர், 1935 டிசெம்பரில், லங்கா சமசமாஜக் கட்சியைத் தோற்றுவித்தோருள் அவர்கள் முன்னின்றனர்.

ஆக, இந்நாட்டு இடதுசாரி இயக்கம் நடை பழகிய முற்றங்களுள் ஒன்று அந்த ஆலை வாயில். வர்க்கம் முந்தியதா, இனம் முந்தியதா என்னும் வினா, பிற்காலத்தில் நாட்டையே எரித்த அவ்வினா, அங்கே அன்றே தலையெடுத்தது. இன்று அந்நிலத்திலே 'ஹவ்லொக் சிற்றி' எழுந்து நிற்கின்றது. உயர்ந்த தொடர்மாடிகள், அலுவலகக் கோபுரம், பேரங்காடி, அவற்றினிடையே பூந்தோட்டம் என அனைத்தும் உண்டு. அங்கே குடியிருப்போரை நாம் குறைகூற வரவில்லை. கொழும்பிலே விடுமுறையைக் கழித்துத் திரும்பிய நம் மாணவர் சிலர் அவ்வங்காடியின் அழகை வியந்து பேசினர். அங்கே முன்னர் என்ன இருந்தது என்று வினவினோம். வெற்று நிலம் இருந்திருக்கும் என்றனர். நெசவாலை ஒன்று இருந்ததாக அவர்களுள் ஒருவருக்கேனும் தெரிந்திருக்கவில்லை. நிலம் மீட்கப்பட்டது, வரலாறு மீட்கப்படவில்லை. 1,400 மனிதரின் பட்டினியும் துணிவும் 'வெற்று நிலம்' என்ற இரு சொற்களுக்குள் அடங்கிப் போயின.

இதே கதை பன்மடங்கு பெரிதாக நடந்தேறிய நகரம் பம்பாய், இன்றைய மும்பை. அந்நகரின் நடுவே பஞ்சாலைகள் நெருங்கி நின்ற பகுதியை 'ஆலைகளின் ஊர்' என்ற பொருளில் மராத்தியர் கிரண்காவ் என்று அழைத்தனர். 1982 ஜனவரி 18 இல், தத்தா சாமந்தின் தலைமையிலே, ஏறத்தாழ இரண்டரை இலட்சம் ஆலைத் தொழிலாளர் அங்கே வேலைநிறுத்தத்தைத் தொடங்கினர். அவ்வேலைநிறுத்தம் முடிந்ததென்று முறையாக அறிவிக்கப்படவே இல்லை. போராட்டம் தேய்ந்தது, ஆலைகள் ஒன்றன்பின் ஒன்றாக ஓய்ந்தன. துணி நெய்து பெறும் இலாபத்தினும், ஆலை நின்ற நிலத்தை விற்றுப் பெறும் இலாபம் பன்மடங்கு என்பதை முதலாளிகள் கண்டுகொண்டனர்.

அங்கே 1991 ஆம் ஆண்டு அரசு ஒரு விதியை வகுத்தது. ஆலை நிலம் வேறு பயனுக்கு மாற்றப்படுமாயின் மூன்றில் ஒரு பங்கு நகரின் திறந்த வெளிக்கும், மற்றொரு பங்கு பொது வீடமைப்புக்கும் செல்லுதல் வேண்டும், எஞ்சியதே உரிமையாளருக்கு. கேட்பதற்கு நீதியான பங்கீடு. ஆனால் 2001 இல் அவ்விதியிலே ஒரு திருத்தம் புகுந்தது. மொத்த நிலத்தையும் பங்கிட வேண்டியதில்லை, கட்டிடமின்றி வெறுமையாய்க் கிடக்கும் நிலத்தைப் பங்கிட்டாற் போதும் என்றாயிற்று. நெருக்கமாக எழுந்த ஆலைக் கட்டிடங்களுக்கிடையே வெறுமை எவ்வளவு இருக்கும்? பொதுமக்களுக்கென்று எதிர்பார்க்கப்பட்ட பெரும் பரப்பு சிறு துண்டுகளாகச் சுருங்கியது. வழக்குத் தொடரப்பட்டது, 2006 இல் இந்திய உச்ச நீதிமன்றம் அத்திருத்தம் செல்லும் எனத் தீர்ப்பளித்தது. பீனிக்ஸ் மில் நின்ற இடத்திலே இன்று பேரங்காடி நிற்கின்றது. பழைய புகைபோக்கி அதன் அணிகலனாயிற்று. பழைய ஆலைத் தொழிலாளருக்கும் அவர்தம் வாரிசுகளுக்கும் சீட்டுக் குலுக்கி வீடு வழங்கும் முறை 2012 இல் தொடங்கியது. விண்ணப்பித்தோர் இலட்சத்துக்கு மேற்பட்டோர். கிடைத்த வீடுகளோ அத்தொகையிற் சிறு பங்கு. உழைத்த நிலத்திலே ஓர் அறையேனும் பெறுவதற்குத் தொழிலாளி குலுக்குச் சீட்டை நம்பியிருக்க, முதலாளிக்கோ சட்டமே துணை நின்றது.

சென்னைப் பெரம்பூர்ப் பகுதியிலிருந்த பக்கிங்காம் கர்நாட்டிக் ஆலைகளையும் நம் ஆசிரியர்கள் மறத்தலாகாது. திரு. வி. கலியாணசுந்தரனாரைத் தமிழ்த் தென்றல் என நாம் மாணவர்க்கு அறிமுகஞ் செய்கின்றோம். அவர்தம் நடையழகைப் புகழ்கின்றோம். 1918 ஏப்ரல் 27 இல் தோன்றிய சென்னைத் தொழிலாளர் சங்கத்தை, பி. பி. வாடியா முதலியோருடன் சேர்ந்து வளர்த்தவரும் அவரே. இந்தியாவின் முதலாவது ஒழுங்கமைந்த தொழிற்சங்கம் எனப் போற்றப்படும் அச்சங்கம் அந்த ஆலைத் தொழிலாளரை நம்பியே எழுந்தது. 1996 இல் ஆலை மூடப்பட்டது. திரு. வி. க.வின் தமிழ் நூலகத்திலே வாழ்கின்றது. அத்தமிழுக்கு உரமூட்டிய ஆலை வாயிலின் நினைவு நம் பாடநூல்களில் இல்லை.

எனின், வேறு வழியே இல்லையா? உண்டு என்பதற்கு ஜேர்மனியின் ரூர்ப் பிரதேசம் சான்று பகரும். நிலக்கரியும் உருக்குமே அப்பிரதேசத்தின் உயிராய் இருந்தவை. சுரங்கங்களும் ஊதுலைகளும் மூடப்பட்டபோது நச்சு மண்ணும் துருவேறிய இரும்பும் வேலையற்ற மக்களும் எஞ்சினர். எம்ஷெர் என்னும் ஆறு ஒரு நூற்றாண்டாகத் திறந்த சாக்கடையாய் ஓடியது. 1989 முதல் 1999 வரையிலான பத்தாண்டுத் திட்டமொன்றின் கீழ் அப்பிரதேசத்தை மீட்கும் வேலை தொடங்கிற்று. டூயிஸ்பேர்க் நகரிலே 1985 இல் மூடப்பட்ட இரும்பாலையை இடித்துத் தள்ளுவதே முதல் எண்ணம். குடிமக்கள் சிலர் கூடி அதனை எதிர்த்தனர். பீற்றர் லாற்ஸ் என்னும் நிலக்காட்சிக் கலைஞரின் திட்டப்படி ஆலை அப்படியே நிற்க, அதனைச் சூழ்ந்து பூங்கா உருவாயிற்று. 1994 இல் அது மக்களுக்குத் திறந்துவிடப்பட்டது. வாயுத் தாங்கியில் நீர் நிரப்பி, நீர்மூழ்கப் பயில்கின்றனர். தாதுப்பொருள் கொட்டிய தொட்டிகளின் சுவரிலே மலையேறப் பழகுகின்றனர். மாசடைந்த மண்ணில் மிகக் கொடியதை மூடிக் காப்பிட்டனர். ஏனையதைச் செடிகொடிகளிடமும் காலத்திடமும் ஒப்படைத்தனர். எம்ஷெர் ஆற்றைச் சாக்கடையிலிருந்து விடுவிக்கும் வேலை ஏறத்தாழ முப்பதாண்டு நீடித்தது. ஐந்நூறு கோடி யூரோவுக்கு மேல் அதற்குச் செலவாயிற்று. இப்போது அவ்வாற்றிலே கழிவுநீர் ஓடுவதில்லை.

இதனைக் கேட்கும் நண்பர் சிலர், ஜேர்மனி செல்வந்த நாடு, நம்மால் அது இயலுமா என்பர். செல்வம் ஒரு காரணமே. மற்றொரு காரணத்தையும் மனங்கொள்ளுதல் வேண்டும். நிலக்கரி, உருக்குத் துறைகளிலே ஆயிரம் பேருக்கு மேற்பட்ட தொழிலாளரைக் கொண்ட நிறுவனங்களின் மேற்பார்வைச் சபையில் முதலீட்டாளருக்குச் சமமான ஆசனங்கள் தொழிலாளருக்கும் உண்டு என 1951 இலேயே அங்கு சட்டம் இயற்றப்பட்டது. அது தொழிற்சங்கங்கள் போராடிப் பெற்ற உரிமை. எனவே, சுரங்கங்களை ஒரே இரவில் மூடித் தொழிலாளரைத் தெருவிலே விட இயலவில்லை. மூடுதல் பல ஆண்டுகளுக்குப் பரவியது. கடைசிக் கருநிலக்கரிச் சுரங்கம் 2018 டிசெம்பரிலேயே மூடப்பட்டது. வயதானோர்க்கு முன்கூட்டிய ஓய்வூதியமும், இளையோர்க்கு மறுபயிற்சியும் கிடைத்தன. எனினும் ரூரை நாம் பொன்னுலகமாக்கிக் காட்டவும் வேண்டியதில்லை. கெல்சன்கிர்ஷன் போன்ற நகரங்கள் இன்றும் ஜேர்மனியிலே வேலையின்மை மிகுந்த நகரங்களுள் அடங்கும். பூங்கா சோறு போடாது. அங்கே நாம் கற்கத்தக்கது ஒன்றுண்டு: நிலத்தின் வருங்காலத்தைத் தீர்மானிக்கும் மேசையிலே தொழிலாளிக்கும் குடிமகனுக்கும் நாற்காலி இருந்ததால், நிலம் விலைபேசுவோர் கைக்கு முழுவதும் போகவில்லை.

இனி நம் வடபுலத்துக்கு வருவோம். காங்கேசன்துறைச் சீமெந்து ஆலை, பரந்தன் இரசாயன ஆலை, கிழக்கிலே வாழைச்சேனைக் காகித ஆலை என்னும் மூன்றும் சுதந்திரத்தை அடுத்த ஆண்டுகளின் கனவுகள். 1948 முதல் 1953 வரை கைத்தொழில் அமைச்சராக இருந்த ஜீ. ஜீ. பொன்னம்பலத்தின் பெயரோடு சேர்த்து அவை பேசப்படுகின்றன. ஆனையிறவின் உப்பு பரந்தனிலே கோஸ்டிக் சோடாவாகவும் குளோரினாகவும் மாறியது. வயலிலே எஞ்சிய வைக்கோலும் இலுக்குப் புல்லும் வாழைச்சேனையிலே காகிதமாயின. காங்கேசன்துறையிலே நம் காலடிக் கல்லே சீமெந்தாயிற்று. சுண்ணக்கல்லையும், முருங்கனிலிருந்து புகையிரதத்தில் வந்த களிமண்ணையும் அரைத்துச் சேர்த்து, ஏறத்தாழ 1450 பாகை வெப்பத்திலே சுழலும் சூளையில் எரித்துக் கிளிங்கர் ஆக்கினர். அக்கிளிங்கரின் ஒரு பகுதி நாட்டின் மறுகோடியிலுள்ள காலிக்குப் புகையிரதத்திலேயே சென்று, அங்குள்ள ஆலையிலே அரைபட்டது. வடகோடியின் கல் தென்கோடியிலே வீடாகி நின்ற காலம் அது. அவ்வுழைப்பின் ஒற்றுமையை அரசியல் காப்பாற்றவில்லை.

1950 இல் உற்பத்தி தொடங்கிய அவ்வாலை 1990 இல், யுத்தம் மீண்டும் மூண்டபோது, ஓய்ந்தது. அயலூர் மக்கள் இடம்பெயர்ந்தனர். ஆலையும் ஊர்களும் உயர் பாதுகாப்பு வலயத்துள் அகப்பட்டன. நம் வயதினர் அவ்வாலையின் புகையைக் கண்டவரல்லர். அதன் சங்கொலியைக் கேட்டவரல்லர். யுத்தம் 2009 இல் முடிந்தது. 2015 ஜனவரியிலே புகையிரதம் மீண்டும் காங்கேசன்துறையை அடைந்தது. 2023 ஒக்டோபரிலே நாகபட்டினத்திலிருந்து பயணிகள் கப்பல் வந்தது. இடையிலே நின்று, 2024 ஓகஸ்டிலே மீண்டும் ஓடத் தொடங்கிற்று. கைத்தொழில் வலயம் அமைக்கப்படும் என்னும் அறிவிப்புகளும் வந்துகொண்டிருக்கின்றன. துறை விழித்தெழுகின்றது. அதனோடு நிலத்தின் விலையும் விழித்தெழும் என்பதை வெள்ளவத்தையும் பம்பாயும் நமக்குக் கற்பித்துள்ளன. வலிகாமம் வடக்கிலே தம் காணிக்காக இன்னமும் காத்திருக்கும் குடும்பங்கள் இருக்க, ஆலை நிலத்துக்கு வரைபடம் கீறப்படும் காலம் இது.

சென்ற ஆண்டு உயர்தர வகுப்பு மாணவர் சிலருடன் நாம் அப்பக்கம் சென்றோம். துருவும் இடிபாடுமாய் நின்ற கட்டிடங்களை வீதியோரத்திலிருந்து பார்த்தோம். அவ்வழியே சைக்கிளில் வந்த முதியவர் ஒருவர், பள்ளிப் பிள்ளைகளைக் கண்டதும் இறங்கி நின்றார். இருபது ஆண்டு சூளைப் பகுதியிலே வேலை செய்தவராம். சூளையின் சூட்டையும், உடையெல்லாம் படிந்த தூளையும், சம்பள நாளிற் சந்தை களை கட்டியதையும் விரித்துரைத்தார். இப்போது இந்த இடத்தை என்ன செய்யலாம் என்று நினைக்கிறீர்கள் எனக் கேட்டோம். சற்று நேரம் பேசாமல் நின்றார். "தம்பி, இது எங்களட்டை ஒருத்தரும் கேக்காத கேள்வி. இரும்பும் போச்சு, கல்லும் போச்சு, கிடங்குதான் மிஞ்சியிருக்கு. கிடங்கையும் ஆரும் விலை பேசுவினம்," என்றார்.

திரும்பும் வழியிலே மாணவன் ஒருவன் வினவினான்: "சேர், இதைத் திரும்பத் திறந்தால் எங்கட பெடியளுக்கு வேலை வருந்தானே?" அவனுக்கு நாம் மறுமொழி கூறுமுன் மாணவி ஒருத்தி குறுக்கிட்டாள்: "வேலை வரும். பிறகு கிணத்துத் தண்ணி உப்பானால் ஆர் பொறுப்பு?" அவ்விருவரின் வினாக்களும் நேர்மையானவை. வேலையற்ற இளைஞன் வேலை கேட்பதிற் பிழையில்லை. அவன் அயலாள் நீரைக் கேட்பதிலும் பிழையில்லை. இவ்விரண்டையும் மோதவிட்டு, ஒன்றைக் கொடுத்து மற்றதைப் பறிக்கும் திட்டத்துக்கே பெரும்பாலும் அபிவிருத்தி என்று பெயரிடப்படுகின்றது.

மாணவியின் அச்சம் ஆதாரமற்றதன்று. யாழ்ப்பாணக் குடாநாட்டிலே வற்றாத ஆறு ஒன்றேனும் இல்லை. ஆண்டின் இறுதி மாதங்களிலே பெய்யும் வடகீழ்ப் பருவமழையே நம் வைப்பு. அம்மழைநீர் சுண்ணக்கற் பாறையின் வெடிப்புகளிலும் குடைவுகளிலும் இறங்கித் தங்குகின்றது. நன்னீர் உவர்நீரினும் அடர்த்தி குறைந்தது. ஆதலால் கடலிலிருந்து உட்புகுந்த உவர்நீரின் மேலே வில்லைபோல் மிதந்து நிற்கின்றது. நம் கிணறுகள் அவ்வில்லையிலிருந்தே இறைக்கின்றன. கல்லை ஆழ அகழ்ந்தால் அந்நீருக்கிருந்த காப்பு நீங்குகின்றது; மேலிருந்து மாசும், கீழிருந்து உப்பும் புகுவதற்கு வழி திறக்கின்றது. சீமெந்து ஆலைக்கு மூலப்பொருளாகத் தோன்றும் அதே கல், கமக்காரனுக்கு நீர்த்தாங்கி. ஒரு முறை சிதைந்தால் அதனை எந்த ஆலையிலும் வார்த்தெடுத்தல் இயலாது.

சுன்னாகத்திலே இதனை நாம் நேரிற் கண்டோம். அங்கு அயற் கிணறுகளிலே எண்ணெய் கலந்திருந்தமை பெரும் பிரச்சினையாயிற்று. பள்ளிக்கூடங்களுக்கும் வீடுகளுக்கும் பவுசரிலே நீர் கொண்டுவர நேர்ந்தது. தனியார் மின்னுற்பத்தி நிறுவனமொன்றின்மீது தொடரப்பட்ட வழக்கிலே, 2 கோடி ரூபா இழப்பீடு செலுத்துமாறு 2019 ஏப்ரலில் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பாதிக்கப்பட்டோர்க்கு அது ஓரளவு ஆறுதல். ஆனால் இழப்பீட்டுப் பணத்தை இறைத்துக் குடிக்க இயலாது. மண்ணின் மேலே சிந்துவது மண்ணுக்குள்ளே செல்லும் என்னும் எளிய உண்மையை அறிந்துகொள்ள நாம் கொடுத்த விலை அது.

ஆதலால், 'ஆலையை மீளத் திறவுங்கள்' என்று மட்டும் கோஷமிடுதல் முற்போக்காளர்க்கு அழகன்று. பழைய புகைபோக்கியின் மீது கொண்ட பற்று நம் கண்ணை மறைத்தலாகாது. 'எதுவும் வேண்டாம், பாழாகவே கிடக்கட்டும்' என்பதும் வேலையற்ற இளைஞனுக்கு நாம் இழைக்கும் துரோகமே. ஆலை நிலம் மக்களுக்கு மீளவேண்டும். எந்த வடிவில் மீளவேண்டும் என்பதை மக்களே அறிவின் துணையோடு தீர்மானித்தல் வேண்டும். அதற்குச் சில நிபந்தனைகள் இன்றியமையாதன என்று நாம் கருதுகின்றோம்.

முதலாவது, எந்தத் திட்டத்துக்கும் முன்னர் மண்ணும் நீரும் சோதிக்கப்படுதல் வேண்டும். காங்கேசன்துறையில் அகழ்ந்த கிடங்குகளும், இரசாயனம் கையாளப்பட்ட பரந்தன் நிலமும் எந்நிலையில் உள்ளன என்பது தமிழிலும் சிங்களத்திலும் எவரும் வாசிக்கத்தக்க அறிக்கையாக வெளிவருதல் வேண்டும். நீரியலாளர் இடந்தந்தால், கிடங்குகளிற் சிலவற்றை மழைநீரை நிலத்தடிக்கு அனுப்பும் குளங்களாக்குதல் கூடும். கல்லெடுத்த கிடங்கு நீர் கொடுக்கும் குளமாகுமெனின் அதனினும் சிறந்த புத்துயிர்ப்பு வேறில்லை. இடந்தராவிடின், கிடங்கைக் குப்பை கொட்டும் இடமாக்காமற் காத்தலே முதற் கடமை.

இரண்டாவது, பொதுப் பணத்திலும் பொதுமக்கள் உழைப்பிலும் எழுந்த ஆலையின் நிலம் பொதுவுடைமையாகவே இருத்தல் வேண்டும். குத்தகைக்குக் கொடுப்பதாயினும் குறித்த காலத்துக்கும் குறித்த பயனுக்குமே கொடுக்கலாம், விற்றல் ஆகாது. பம்பாயின் மூன்றில் ஒரு பங்கு விதியை நாமும் மேற்கொள்ளலாம். 'வெற்று நிலம்' என்ற ஒரே சொல் அதனை எவ்வாறு விழுங்கிற்று என்பதையும் மறவாமல் மேற்கொள்ளல் வேண்டும்.

மூன்றாவது, திட்டமிடும் சபையிலே மக்கள் இருத்தல் வேண்டும். பழைய தொழிலாளர், மீளக் குடியேறியோர், இன்னும் காணி மீளாதோர், கமக்காரர், கடற்றொழிலாளர், பெண்கள் என்போருக்கு அங்கே ஆசனம் வேண்டும். ஆலோசனைக் கூட்டம் என்ற பெயரில் அழைத்துத் தேநீர் கொடுத்துக் கையொப்பம் பெறுவதை நாம் ஆசனம் என்று கூறவில்லை. ஒரு திட்டத்தை ஏற்கவும் மறுக்கவும் வாக்குரிமை வேண்டும். அங்கு வரும் தொழிலும் அயலூர்ப் பிள்ளைகளுக்கு எட்டக்கூடியதாக அமைதல் வேண்டும். நீரைக் குறைவாகக் கொள்ளும் தொழில்கள், படகு கட்டுதலும் பழுது பார்த்தலும், பனைசார் உற்பத்தி, அவற்றோடு இணைந்த தொழில்நுட்பக் கல்லூரி ஆகியவை பற்றி ஏன் சிந்தித்தல் கூடாது? வேலை கேட்ட மாணவனுக்கும் நீர் கேட்ட மாணவிக்கும் ஒருசேர விடை கூறும் திட்டமே திட்டம்.

நான்காவது நம்மைச் சார்ந்தது. சீமெந்து ஆலையிலே வேலை செய்தோருள் இன்றும் வாழ்பவர் பெரும்பாலும் முதியோர். அவர்களின் வேலைமுறை, கூலி, நோய், சங்கப் போராட்டம், இடப்பெயர்வு ஆகிய அனைத்தும் அவர்களின் நினைவிலே மட்டும் உள்ளன. பத்தாண்டு கழிந்தால் அவையும் இரா. கல்வெட்டையும் ஏட்டையும் தேடிப் பதிப்பித்த மரபு நம்முடையது. உ. வே. சாமிநாதையருக்கும் முன்னே ஏட்டுச் சுவடியை அச்சேற்றிய ஆறுமுக நாவலரையும் சி. வை. தாமோதரம்பிள்ளையையும் தந்த மண் இது. செல்லரித்த ஏட்டுக்குக் காட்டிய அக்கறையை உழைத்துக் களைத்த மனிதனின் வாய்மொழிக்கும் நாம் காட்டுதல் தகாதா? வடக்கிலே ஆசிரியரும் மாணவரும் காங்கேசன்துறை, பரந்தன் தொழிலாளரின் வாய்மொழிகளைத் தொகுக்கலாம். காலியிலே, வடக்கின் கிளிங்கரை அரைத்த சிங்களத் தொழிலாளரின் வாய்மொழிகளை அங்குள்ள ஆசிரியர் தொகுக்கலாம். இரண்டையும் ஒரே நூலாக இரு மொழிகளிலும் வெளியிட்டால், 1933 இல் வெள்ளவத்தை ஆலை வாயிலில் எழுந்த வினாவுக்கு நம் தலைமுறை கூறும் விடையாக அது அமையும்.

இப்பணிக்கு அமைச்சின் அனுமதியும் வெளிநாட்டு நிதியும் தேவையில்லை. ஒரு குறிப்பேடும், விடுமுறை நாட்கள் சிலவும், கேட்கும் பொறுமையும் போதும். அத்தொகுப்பு வெறும் நினைவுச் சின்னமாய் அமையாது. எத்தனை பேர் அங்கே வேலை செய்தனர், எவருடைய காணி எங்கே போயிற்று, எந்தக் கிணறு எப்போது உவர்த்தது என்பன எழுத்தில் இருக்குமாயின், நாளை வரைபடத்தோடு வருவோரிடம் 'இது வெற்று நிலமன்று' என்று சான்று காட்டிப் பேச மக்களுக்கு இயலும். வரைபடங்கள் விரைவாகக் கீறப்படுகின்றன. ஆசிரிய நண்பர்களே, மாணவத் தோழர்களே, அவை சட்டமாக மாறுமுன் நாம் சைக்கிளை எடுத்துக்கொண்டு அம்முதியோரின் வீட்டுப் படலையைத் தட்டுவோம்.